ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: முதல் அறுபது நாள் பணம்

கேள்வி, 9 ஏப்ரல் 2024

அக்கா, நான் விருதுநகர், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. 2025 அக்டோபரில் ஜெர்மனிக்கு முதுநிலை படிக்கப் போவதாகத் திட்டம். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. விசாவுக்காகக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க விடும் கணக்கு) 11,208 யூரோ போட்டுவிட்டால் மாதம் 934 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் விமான டிக்கெட்டும் விசா கட்டணமும்தான் செலவு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கணக்கு சரிதானே?

9 ஏப்ரல் 2024, இரவு

கூட்டல் சரி, தம்பி. அந்த முதல் 934 யூரோ எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதுதான் உங்கள் கணக்கில் இல்லை.

நான் 2022 அக்டோபர் 4 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினேன். அப்போது பிளாக்டு அக்கவுண்ட் தொகை 10,332 யூரோ, மாதம் 861. முதல் 861 என் கணக்கில் விழுந்தது நவம்பர் 28. ஐம்பத்தைந்து நாள். அது யாருடைய சோம்பலாலும் அல்ல, ஏற்பாடே அப்படித்தான். பிளாக்டு அக்கவுண்ட் பணம் நேராகக் கைக்கு வராது. ஜெர்மானிய வங்கி ஒன்றில் சாதாரணக் கணக்கு தொடங்கினால்தான் அதற்குள் வரும். என் வங்கி, முகவரிப் பதிவுச் சான்று இருந்தால்தான் கணக்கு என்றது. அந்தப் பதிவுக்கு ஆன்மெல்டுங் என்று பெயர், நகர அலுவலகத்தில் செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் தேவை. தற்காலிக விடுதிக்காரர் அந்தத் தாளைத் தர மாட்டார். ஆகவே முதலில் அறை, அறைக்கு முன்பணம், முன்பணத்துக்குப் பணம். பணம் எங்கே? பிளாக்டு அக்கவுண்டில்!

என் செலவு நோட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன். விடுதி 16 இரவு, இரவுக்கு 34 வீதம் 544. அறை முன்பணம் 780. முதல் மாத வாடகை 345. மருத்துவக் காப்பீடு 110. பழைய துணிக்கடையில் குளிர் அங்கி 35. போர்வை, தலையணை, ஒரு வாணலி எல்லாம் சேர்த்து 60. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சுமார் 330. மொத்தம் 2,204 யூரோ. நான் கொண்டுபோனது சரியாக 1,000. மீதி 1,200 சொச்சத்தை மூத்த மாணவர்கள் மூன்று பேரிடம் கைமாற்று வாங்கினேன்.

அப்பாவிடம் இன்னொரு முறை பேசுங்கள். பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே குறைந்தது 2,500 யூரோ வேண்டும் என்று சொல்லுங்கள்.

10 ஏப்ரல் 2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். “கல்விக் கட்டணம் கிடையாது” என்பதும் முழு உண்மை இல்லை. பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதலே செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். ஷ்டுட்கர்ட்டும் கார்ல்ஸ்ரூவும் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரும் குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000 வாங்கப்போகிறது. அதுவும் செமஸ்டருக்கு.

கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று கட்ட வேண்டும். எனக்கு அது 260 சொச்சம், பெரும்பகுதி பஸ், ரயில் பாஸுக்கான பணம்.

எங்கள் ஊர் ஆலோசனை நிலையம் ஒன்று இவை எதையும் சொல்லவில்லை. ஒரு தனியார் கல்லூரியின் வண்ணப் புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்ப மேசையில் வைத்தது. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் அவர்களுக்குத் தரகு கிடைக்காது என்பது பிறகுதான் புரிந்தது.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துக்கள். இங்கே வேப்பம்பூ கிடைக்கவில்லை, மாங்காய் ஒன்று 2.50 யூரோ. வாங்காமல் வந்துவிட்டேன்.

பெட்டியில் என்ன கட்ட வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். புளி, மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, கறிவேப்பிலை, ஒரு பாட்டில் நெய். குக்கர் கட்டாயம். எவர்சில்வரில், இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஏற்ற அடிப்பாகம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அலுமினியம் வேண்டாம்.

15 ஏப்ரல் 2024

திருத்தம். நெய்யும் கறிவேப்பிலையும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவரக் கூடாது. பச்சை இலை, காய், பழம் எதுவானாலும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். நான் கொண்டுவந்தேன், யாரும் பிடிக்கவில்லை என்பதற்காக உங்களுக்கும் எழுதிவிட்டேன். தவறு.

சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்து: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. தேங்காயும் வாழைப்பழமும் போகலாம் என்றால், அர்ச்சனைத் தட்டைப் பார்த்துக்கொண்டே யாரோ சட்டம் எழுதியிருக்கிறார்கள் போலும். வெற்றிலையைத்தான் மறந்துவிட்டார்கள்.

5 மே 2024

மதிப்பெண் மாற்றம் பற்றி. ஜெர்மனியில் 1.0 முதலிடம், 4.0 தேர்ச்சிக் கோடு, 5.0 தோல்வி. நம் பத்துப் புள்ளியை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதிகபட்சத்திலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உங்களுக்கு 8.0, தேர்ச்சி 5 என்றால் விடை 2.2. “2.5 அல்லது அதைவிடச் சிறந்தது” என்று கேட்கும் படிப்புகள் பல. தாராளமாகப் போதும்.

6 மே 2024

“தாராளமாக” என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள். என்னுடையதில் தேர்ச்சி பெறும் கடைசி கிரேடுக்கு 6 புள்ளி போட்டிருந்தது, 5 அல்ல. 6 வைத்துக் கணக்குப் போட்டால் அதே 8.0 நேராக 2.5 ஆகிவிடும், கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். நான் விண்ணப்பித்தபோது இரண்டு பல்கலைக்கழகங்கள் இரண்டு விதமாகக் கணக்கிட்டன. எது சரி என்று வாதாடிப் பயனில்லை. 6 வைத்துக் கணக்கிட்டு, அதில் தேறும் இடங்களை முதலில் வரிசைப்படுத்துங்கள்.

யூனி அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஆசைக்குப் பதினைந்து இடம் போடுவது வீண்.

7 மே 2024

ஏ.பி.எஸ். சான்றிதழைப் பற்றி, அதாவது நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் தாளைப் பற்றி, என்னைக் கேட்காதீர்கள். இந்திய மாணவர்களுக்கு அது 2022 நவம்பரில்தான் கட்டாயமானது, நான் ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டேன். ஆறாவது செமஸ்டர் முடிவு வந்ததுமே அதைத் தொடங்கிவிடுங்கள் என்று பிறகு வந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

23 ஜூன் 2024

ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். ஈழத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய கோயில், 2002-ல் குடமுழுக்கு நடந்தது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் தொழிற்சாலைக் கொட்டகைகள், அவற்றுக்கு நடுவில் கோபுரம். ஐந்து நிமிடம் வாயடைத்து நின்றேன்.

என்னை அழைத்துப்போனவர் இங்கே நான் படிக்கும் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர். 2022-ல் நான் கைமாற்று வாங்கியது மூத்த மாணவர்களிடம் என்று எழுதியிருந்தேன். உண்மையில் இரண்டு பேர்தான் மாணவர்கள், மூன்றாவது ஆள் இவர். கடையில் அரிசிப் பையை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு மீண்டும் வைத்தேன். “பிள்ளை, பையைக் கொண்டு போங்கோ, காசு பிறகு தாங்கோ” என்றார். அதற்குப் பிறகு ஒருநாள் 400 யூரோவும் தந்தார். எழுதிக்கூட வாங்கவில்லை. தானும் ஒரு காலத்தில் முகாமிலிருந்து ஒரு பையோடு வந்தவன் என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன். இருக்கட்டும்.

24 ஜூன் 2024

முன்பணம் பற்றி லைப்சிக்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வாடகை முன்பணம், வெப்பச் செலவு சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். அதை ஒரே தடவையில் கொடுக்க வேண்டியதும் இல்லை. மூன்று மாதத் தவணையாகத் தரும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. நான் 780-ஐயும் சாவி வாங்கிய அன்றே எண்ணி வைத்தேன். முதலில் 260 மட்டும் கொடுத்திருந்தால் அன்றைக்கு 520 கையில் நின்றிருக்கும், அண்ணரிடம் வாங்கிய 400 தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அறைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது “சட்டப்படி தவணை” என்று முதல் ஆளாகச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும், தெரியவில்லை. மாணவர் விடுதி கிடைத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திராமல் விண்ணப்பிக்க விடும் ஊர்கள் இருக்கின்றன, பாருங்கள்.

இன்னொன்று. “நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று வரும் எல்லாமே மோசடி. என் வகுப்புத் தோழி 500 யூரோ இழந்தாள். வீட்டின் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தனவாம்.

3 செப்டம்பர் 2024

ஏப்ரலில் எழுதிய 11,208-ஐ அடித்துவிடுங்கள். இந்த மாதம் முதல் 11,904 யூரோ, மாதம் 992. அடுத்த வருடம் நீங்கள் விசாவுக்குப் போகும்போது எவ்வளவு என்று மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே வந்தபின் இது இரண்டாவது உயர்வு.

27 அக்டோபர் 2024

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அறைத்தோழி ஊருக்குப் போயிருப்பாள், ஊரில் அப்போது எல்லோரும் தூங்கப்போகும் நேரம். வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். நான் ரயில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கடை அங்கேதான் உண்டு, வெளிச்சமும் உண்டு.

22 டிசம்பர் 2024

ஏப்ரலில் நீங்கள் கேட்டபோது எழுதாமல் விட்ட ஒன்று.

வாங்கிய 1,200 யூரோவை அடைக்க நான் சரக்குக் கிடங்கு வேலைக்குப் போனேன். வெள்ளி, சனி இரவு பத்து முதல் காலை ஆறு வரை. அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ. சட்டத்தில் தவறில்லை. அன்று வருடத்துக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம், இந்த மார்ச் முதல் 140 நாள் ஆக்கியிருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தால் அரை நாள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. அது கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஞாயிறு பகல் முழுக்கத் தூக்கம். திங்கள் காலை எட்டு மணிக்கு ஃபைனைட் எலிமென்ட் வகுப்பு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அந்த வகுப்பில் நான் உட்கார்ந்தது நான்கு முறை. பிப்ரவரியில் தேர்வு, 5.0.

எனக்குக் கவலையே வரவில்லை. கோயம்புத்தூரில் படித்தபோது இரண்டு அரியர் வைத்து எழுதித் தேறியவள் நான். அரியர் என்றால் அடுத்த முறை, அதற்கடுத்த முறை என்று நீண்டுகொண்டே போகும், கல்லூரி முடிந்த பிறகும் எழுதுகிறவர்கள் உண்டு. ஆகஸ்டில் மறுபடியும் எழுதினேன். மறுபடியும் 5.0. அதற்குப் பிறகுதான் தேர்வு விதிகளை எடுத்துப் படித்தேன். முதல் முயற்சியும் இரண்டு மறுமுயற்சியும்தான். மூன்றாவதிலும் போனால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகலாம். மாணவர் பதிவு போனால் விசாவும் ஆட்டம் காணும். அரியர் என்ற சொல்லே இங்கே இல்லை.

2024 பிப்ரவரி வரை ஆறு மாதம் நான் தூங்கிய விதத்தை எழுத விரும்பவில்லை. மூன்றாவது முயற்சியில் 3.3. வீட்டில் இன்னும் தெரியாது. ஒரு வருடம் நீண்டதற்குக் காரணம் ஆய்வேடு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

23 டிசம்பர் 2024

நேற்று எழுதியதை இன்று படித்தால், கையில் பணம் இல்லாமல் வந்ததால்தான் தேர்வில் தோற்றேன் என்று சொல்வது போல இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. கடனை அடைக்கப் பதினான்கு இரவுகள் போதும். நான் இருபத்தாறு இரவுகள் போனேன். மீதிப் பன்னிரண்டும் பணம் வருகிறதே என்ற ருசியில் போனவை. அதில் ஒரு போன் வாங்கினேன். அந்தப் போனில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

9 பிப்ரவரி 2025

டி.சி.எஸ். பற்றிக் கேட்டவருக்கு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது, ஒரு வருடத்தில் 7 லட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்கு வங்கி வரி பிடிக்கும், அதற்குத்தான் டி.சி.எஸ். என்று பெயர். படிப்புக்குச் சொந்தப் பணம் என்றால் 5 சதவீதம், கல்விக் கடன் என்றால் 0.5 சதவீதம். சென்ற வாரத்து பட்ஜெட்டில் ஏப்ரல் முதல் வரம்பை 10 லட்சமாக்கவும், வங்கிக் கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு இந்தப் பிடித்தத்தை எடுத்துவிடவும் அறிவித்திருக்கிறார்கள். 11,904 யூரோ இன்றைய விலைக்கு 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அந்தக் கொஞ்சத்துக்குத்தான் பிடிப்பார்கள்.

இது போய்விட்ட பணம் அல்ல, அனுப்பியவரின் பான் எண்ணில் வரவு இருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம். அதனால் யார் கணக்கிலிருந்து அனுப்புகிறோம் என்பது முக்கியம். என் விஷயத்தில் பணம் தாத்தாவின் வைப்புத்தொகை, அவர் கணக்கிலிருந்தே அனுப்பினோம். ஏழாயிரம் ரூபாய் சொச்சம் பிடித்தார்கள். ரசீதைப் பார்த்துவிட்டுத் தாத்தா கேட்டார்: “அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நாம் எதற்கு ஏழாயிரம் கொடுக்க வேண்டும், கண்ணு?”

ஓய்வுபெற்ற ஆசிரியர், பல வருடங்களாக வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர். எழுபத்தெட்டு வயதில் கரூரில் ஒரு ஆடிட்டரைப் பிடித்துத் தாக்கல் செய்தார். பணம் வந்தது. ஆடிட்டருக்குக் கொடுத்தது போக எவ்வளவு மிஞ்சியது என்று சொல்ல மறுக்கிறார்.

17 ஆகஸ்ட் 2025

விருதுநகர்த் தம்பிக்கு இடம் கிடைத்துவிட்டது. மாணவர் விடுதிக்கு வரிசையில் நாற்பதாவது ஆளாம். பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே 2,500 யூரோ தனியாக வைத்திருக்கிறார். அவருடைய அப்பா முதலில் சம்மதிக்கவில்லை, இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டினாராம். அப்படியானால் நெய் பற்றிய பகுதியை அம்மாவிடம் காட்டுங்கள், தம்பி.

26 அக்டோபர் 2025

வந்து சேர்ந்து இருபத்தைந்து நாள் ஆன பின் தம்பி தன் கணக்கை அனுப்பியிருக்கிறார். அறை கிடைத்தது எட்டாம் நாள். முன்பணத்தைத் தவணையாகத் தரலாமா என்று கேட்டாராம், வீட்டுக்காரர் உடனே சரி என்றாராம். மூன்று வருடமாக நான் அந்த 780-ஐ நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன்! வங்கிக் கணக்கு கடவுச்சீட்டை மட்டும் காட்டி இணையத்திலேயே தொடங்கிவிட்டார். நான் எழுதிய முதல் குறிப்பில் பாதி பழையதாகிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் முகவரிப் பதிவுக்கு அவருக்குக் கிடைத்த நாள் நவம்பர் 11. அவருடைய பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனம் அந்தத் தாளைப் பார்த்த பிறகே பணத்தை விடும். இதுவரை செலவு 1,610 யூரோ.

நான் சொல்லாமல் விட்டதை அவர் கண்டுபிடித்திருக்கிறார்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். முகவரி பதிந்த சில வாரங்களில் கடிதம் வந்துவிடும். ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், பகிர்ந்துகொள்ளலாம். ஜெர்மன் தெரியாமல் அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நான் குப்பையில் போட்டேன். பிறகு பாக்கியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து இன்னொரு கடிதம் வந்தது. எந்தக் கடிதத்தையும் மொழிபெயர்த்துப் பார்க்காமல் எறியாதீர்கள்.

16 நவம்பர் 2025

ஆய்வேடு முடிந்தது, 1.7. வேலைக்காக இந்த மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறேன். அப்பாவிடம் அந்தத் தேர்வு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா?” என்று மட்டும் கேட்டார். கொடுத்துவிட்டேன், 2023 ஜனவரியிலேயே.

அறை முன்பணத்தில் சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கு 60 யூரோ கழிப்பார்களாம். மீதி 720 உடனே வராது, வெப்பச் செலவுக் கணக்கை முடிக்கும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைப்பார்கள். ஊர் திரும்பும் முன் டிக்கெட் வாங்க அந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் நம்ப வேண்டாம்.

போர்வை இரண்டு, வாணலி ஒன்று, எவர்சில்வர் குக்கர் ஐந்து லிட்டர், மேசை விளக்கு. இந்த ஊருக்கு ஏப்ரல் செமஸ்டரில் வருபவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அண்ணர் கடையில் வைத்துவிட்டுப் போகிறேன். குக்கருக்கு கேஸ்கட் மட்டும் ஊரிலிருந்து வாங்கி வாருங்கள், இங்கே கிடைப்பது பொருந்துவதில்லை.